புதிய இயக்குநர்கள் வந்த நேரம்

எங்கள் கம்பெனிக்குப் புது இயக்குநர்கள் வரும் நாளில் நான் செய்யும் முதல் வேலை, மிளகாய் மூட்டைகளைப் பின்பக்கம் தள்ளச் சொல்வதுதான். இல்லாவிட்டால் வரவேற்புரையில் பாதி தும்மலில் போய்விடும். அலுவலகம் என்பது பெயருக்குத்தான். நயினார்கோவில் போகிற சாலையில் வாடகைக்கு எடுத்த குடோன் அது. முன்பக்கம் பலகையால் ஒரு தடுப்பு, அதற்குள் மேசை, கணினி, பிளாஸ்டிக் நாற்காலிகள். தடுப்புக்கு அந்தப் பக்கம் குண்டு மிளகாய். பழகியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் கும்பிடு போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்து, தும்மிக்கொண்டே உட்காருவார்கள்.

கம்பெனி என்றவுடன் கோட்டும் டையும் நினைத்துவிட வேண்டாம். சுற்றுப்பட்டுச் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், பங்கு போட்டு ஆரம்பித்த உற்பத்தியாளர் நிறுவனம். மிளகாயைத் தரம் பிரித்து ஒன்றாகச் சேர்த்து வெளியூர் வியாபாரிக்கு விற்பது, விதையும் உரமும் வாங்கிக் கொடுப்பது, இவ்வளவுதான் தொழில். அதற்கு ஓர் இயக்குநர் குழு உண்டு. குழுவில் எல்லோரும் சம்சாரிகள். சில வருஷங்களுக்கு ஒரு முறை பாதிப் பேர் இறங்குவார்கள், புதியவர்கள் ஏறுவார்கள். நான் மேலாளர். சட்டத்தில் எனக்குத் தலைமைச் செயல் அலுவலர் என்று நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. ஊரில் மேனேஜரம்மா. ஷட்டரைத் திறப்பது, கூட்டத்தில் பேசியதை எழுதுவது, டீ சொல்வது, ஷட்டரை இறக்குவது ஆகிய அதிகாரங்கள் எல்லாம் என் கையில்தான் இருந்தன.

புதியவர்களுக்குக் கம்பெனியைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலைதான். இது அரசாங்க ஆபீஸ் இல்லை, இங்கே கடன் தள்ளுபடி கிடையாது. இது கட்சி இல்லை, உங்கள் போட்டோ போட்டு ஃபிளெக்ஸ் வைக்க வேண்டியதில்லை. தலைவர் முதலாளி இல்லை, நான் அவர் வீட்டுக் கணக்குப்பிள்ளையும் இல்லை. உங்கள் மச்சான் வண்டியை வாடகைக்கு எடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஏனென்றால் எல்லோருக்கும் எல்லோரும் ஒரு வகையில் மச்சான். சட்டப்படி பார்த்தால் கூட்டத்தில் பேசுவதற்கு நான் ஒருத்திதான் மிஞ்சுவேன்.

ஒரு குழுவுக்கு இதெல்லாம் புரிவதற்குள் அவர்கள் காலம் முடிந்துவிடும். அடுத்த குழு வந்து, "டிராக்டர் எப்பம்மா தருவீக?" என்று ஆரம்பிக்கும். பழைய குருடி கதவைத் திறடி. ஆரம்பத்தில் இது எனக்குப் பிடித்திருந்தது. படங்கள் வரைந்து, உதாரணங்கள் யோசித்து, இரவு கண்விழித்துத் தயார் செய்திருக்கிறேன். போகப் போக அதே வாக்கியங்கள் என் வாயிலிருந்து தானாக வர ஆரம்பித்தன. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன், பேச்சு அது பாட்டுக்கு ஓடும். அலுத்துவிட்டது. அதற்கு மேல் நாகரிகமான சொல் என்னிடம் இல்லை.

அலுப்பு மட்டும் என்றால் காலம் தள்ளியிருக்கலாம். என் வீட்டுக்காரருக்குத் திருச்சிக்கு மாற்றலாகி, மகளையும் அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டோம். நான் பரமக்குடியில் பூட்டிய வீடு மாதிரி ஒரு வீட்டில் இருந்துகொண்டு சனிக்கிழமை பஸ் ஏறுவேன். மிளகாய் வரத்துக் காலத்தில் அதுவும் கிடையாது. மகள் பிளஸ் டூ போகப் போகிறாள். போனில் ஒரு நாள், "அம்மா, நீ வரலைன்னா வரலைன்னு சொல்லிரு. நான் அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பஸ் நேரம் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அந்த ஜூனுக்குள் நான் போய்விட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வேலையை விடுவதில் என்ன கஷ்டம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று திருச்சியில் எல்லோரும் கேட்டார்கள். அவர்களுக்கு எங்கள் பக்கம் தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் நாலு பேர் முன்னால் "நான் போறேன்" என்று சொன்னால் அது தகவல் இல்லை, வருத்தம். கல்யாண வீட்டில் பந்திக்கு முன் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தால், அவருக்கு ஏதோ முறை தப்பிவிட்டது என்று அர்த்தம். உடனே பெரியவர்கள் போய்க் கையைப் பிடிக்க வேண்டும். அவர் உதற வேண்டும். மறுபடி பிடிக்க வேண்டும். முதல் பேச்சிலேயே "சரி" என்று சொல்பவன், அவர் எப்போது போவார் என்று காத்திருந்தவன் ஆகிவிடுவான். அந்தப் பெயரை யாரும் வாங்க மாட்டார்கள். ராஜினாமாவும் அவர்களுக்கு அப்படித்தான். மேலாளர் போகிறேன் என்கிறார் என்றால் யாரோ மேலாளரை நோகடித்துவிட்டார்கள். அந்த யாரோவைக் கண்டுபிடித்துச் சமாதானம் பண்ணிவிட்டால் சரியாகிவிடும்.

அதற்கு முன்பே இரண்டு முறை சொல்லிப் பார்த்தவள்தான் நான். முதல் முறை சொன்னபோது தலைவர் சிரித்தார். அவர் வயதானவர், நிறைய நிலம் உள்ளவர், நல்ல மனுஷர். "ஏலே, மேனேஜரம்மாவுக்கு டீயில சீனி போட்டியா இல்லையா?" என்று டீக்கடைப் பையனைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

அடுத்த வருஷம் இரண்டாம் முறை சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று இயக்குநர்கள் வெள்ளை வேட்டி கட்டி, தாம்பாளத்தில் வாழைப்பழம், ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துப் பரமக்குடிக்கு வந்துவிட்டார்கள். கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையைக் கூப்பிட வருவது மாதிரி வாசலில் வரிசையாக நின்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்திருக்காகளா? மகளுக்கு அதுக்குள்ளயா?" என்று கேட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும், வந்தவர்களில் ஒருவர், உரக் கணக்கில் போன மாசம் என்னைக் குறுக்கே கேள்வி கேட்டுவிட்டாராம், அதற்கு மன்னிப்புக் கேட்டார். எனக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்று சொன்னேன். அவர் அதை என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு கண்கலங்கினார். கண்கலங்கிய மனுஷரிடம் எப்படி ராஜினாமாவைப் பற்றிப் பேசுவது? ஹார்லிக்ஸை வாங்கி உள்ளே வைத்தேன். திங்கட்கிழமை ஷட்டரைத் திறந்தேன்.

சட்டப்படி நான் யார் சம்மதமும் இல்லாமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கில் என் கையெழுத்து. குழு கூடித் தீர்மானம் போட்டு அதை மாற்றாமல் நான் போனால், வரத்துக் காலத்தில் மிளகாய் போட்ட சம்சாரிகள் பணத்துக்காகக் காத்துக் கிடப்பார்கள். என் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. கணக்கு எழுதும் பெண்ணை எல்லா வேலைக்கும் பழக்கிவிட்டிருந்தேன். தேவைப்பட்டது ஒரே ஒரு வாய். எங்கள் குழுவில் கைதூக்கி ஓட்டுப் போடும் பழக்கம் கிடையாது. நான் விஷயத்தை வாசிப்பேன். யாராவது ஒருவர் "முன்மொழியிறேன்" என்று சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், தீர்மானம் ஆகிவிடும். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அந்த விஷயம் விழுந்துவிடும். விரோதம் இல்லாமல் ஒன்றைக் கொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

பழையவர்களின் வாய் திறக்காது என்று தெரிந்துவிட்டது. அதனால் புதியவர்களைப் பிடிக்கலாம் என்று திட்டம் போட்டேன். அவர்களுக்கு என் மேல் பாசமும் இல்லை, என்னை நோகடித்த ஞாபகமும் இல்லை. காலையில் நான் பாடம் நடத்துவேன். பாடத்தில் புதிதாக ஒரு பகுதி: ஊழியர் வேலையை விட விரும்பினால் இயக்குநரின் கடமை என்ன? மதியத்துக்கு மேல் பழையவர்களும் வந்து முழுக் கூட்டம் நடக்கும். சூடு ஆறுவதற்குள் விஷயத்தை வாசித்துவிட வேண்டும். இத்தனை வருஷ உழைப்பில் நான் ஆசையோடு தயார் செய்த கடைசிப் பாடம் அதுதான்.

அந்தத் தடவை புதியவர்கள் மூன்று பேர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், துபாயில் இருந்து திரும்பி வந்து மிளகாய் போட்டிருக்கும் ஓர் இளைஞர், பெண்களுக்கான இடத்தில் ஒரு பெண். ராணுவக்காரர் மேல்தான் எனக்கு நம்பிக்கை. உத்தரவு என்றால் உத்தரவு என்று வாழ்ந்தவர். எழுதி வைத்ததை வாசித்தால் சரி என்பார் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்தான் முதலில் வந்தாள். கொழுந்தன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நாலு மணிக்கு வாரேன் மயினி" என்று போய்விட்டான். முப்பது வயது இருக்கலாம். கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவள், இப்போது விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு நிலம் பிடித்துச் சொந்தமாக மிளகாய் போடுகிறாள் என்று அவளுடைய ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் தும்மவில்லை. நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் இருந்த கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உள்ள தள்ளி உக்காரும்மா. இனி நீயும் டைரக்டர்" என்றேன்.

"இங்கன காத்து வருதுக்கா" என்றாள். அங்கே காற்றே வரவில்லை.

மற்றவர்கள் வரும் வரை பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். ஒரு பெண் பிள்ளை, தன் அம்மா வீட்டில் இருந்து படிக்கிறது என்றாள். பிறகு அவள் அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். நானும் ஒரு பெண் பிள்ளை என்றேன், திருச்சியில் அவள் அப்பாவோடு இருக்கிறது என்றேன்.

"எப்பப் போயி பாப்பீக?"

"சனிக்கிழமை. போக முடிஞ்சா."

"நான் நாத்துக்கெழமை போவேன். போக முடிஞ்சா" என்றாள். அதற்குள் ராணுவக்காரர் வந்துவிட்டார், வாசலில் நின்று சல்யூட் மாதிரி ஒன்று வைத்துவிட்டுத் தும்மினார். பின்னாலேயே துபாய்க்காரர்.

பாடத்தை ஆரம்பித்தேன். கம்பெனி, பங்கு, தலைவர், மச்சான் வண்டி எல்லாம் வழக்கம் போல ஓடியது. ராணுவக்காரர் ஒவ்வொன்றுக்கும் "எஸ் மேடம்" என்றார். துபாய்க்காரர் டிராக்டர் எப்போது என்று கேட்டார். கம்பெனியை ஏற்றுமதிக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தனக்கு ஆள் தெரியும் என்றார். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு அங்கே ஆள் தெரியும். நோட்டில் குறித்துக்கொள்வது போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு என் புதுப் பாடத்துக்கு வந்தேன். "ஒரு வேலையாள் தன் சொந்தக் காரணத்துக்காக வேலையை விட நினைக்கிறாரு. யாரு மேலயும் வருத்தம் இல்ல. அப்ப இயக்குநர் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். உதாரணம் எளிமையாக இருக்கட்டும் என்று ராணுவக்காரர் பக்கம் திரும்பி, "சார், உங்க ராணுவத்துல ஒருத்தர் போறேன்னு எழுதிக் குடுத்தா என்ன செய்வாங்க?" என்றேன்.

அவர் விறைப்பாக உட்கார்ந்தார். "விட மாட்டாங்க மேடம். சர்வீஸ் முடியணும். நடுவுல கேட்டா லீவு குடுத்து அனுப்பிட்டுத் திரும்ப வரச் சொல்லுவாங்க."

துபாய்க்காரரைப் பார்த்தேன். "பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டுப் பேசாம இருப்பாங்க மேடம்" என்றார் அவர். "அரபி கோவக்காரன் இல்ல. ஆனா பாஸ்போர்ட் வராது."

உதாரணம் கேட்ட என் வாயில் என்னத்தைப் போடுவது? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, இங்கே அப்படி இல்லை, போகிறவரை நல்லபடியாக அனுப்புவதும் நிர்வாகம்தான், யாராவது ஒருவர் முன்மொழிய வேண்டும், அது குற்றமில்லை, விரட்டுவதும் இல்லை என்று பொறுமையாக, குழந்தைகளுக்குச் சொல்வது போலச் சொன்னேன். "எஸ் மேடம்" என்றார் ராணுவக்காரர். துபாய்க்காரரும் தலையை ஆட்டினார்.

அந்தப் பெண் அதுவரை ஒன்றும் பேசவில்லை. கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாரும் பேசாம இருக்கையில ஒரு ஆளு மட்டும் பேசினா அது செல்லுமாக்கா?" என்றாள்.

"செல்லும். அந்த ஆளு பேரோட எழுதுவேன்."

"பேரோடயா" என்றாள்.

மதியம் பழையவர்கள் வந்தார்கள். தலைவர் புதியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒரே ரகப் பொன்னாடை. மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறோம். பெண்ணுக்குத் தலைவர் போர்த்தக் கூடாது என்பதால் நான் போர்த்தினேன். அவள் தோளில் எலும்பு தட்டியது. போட்டோ எடுத்தார்கள். டீயும் பருப்பு வடையும் வந்தன. தலைவர் வரவேற்றுப் பேசினார். "இவுக வந்த நேரம் மிளகாய்க்கு நல்ல வெலை கெடைக்கணும், கம்பெனி தழைக்கணும்" என்று முடித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் அவர் சொல்வதுதான். வீட்டுக்குப் புதுசாக மருமகள் வந்தாலும், புது மாடு வாங்கினாலும் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருக்க வேண்டும்.

விதை கொள்முதல், தராசு பழுது, சாக்கு வாங்குவது எல்லாம் மளமளவென்று முடிந்தன. அடுத்து என் விஷயம். எழுந்து நின்று வாசித்தேன். குடும்பக் காரணம், யார் மேலும் வருத்தமில்லை, ஜூன் மாதத்துக்குள் என்னை விடுவிக்க வேண்டும், பொறுப்பைக் கணக்கு எழுதும் பெண்ணிடம் ஒப்படைக்கலாம்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "மறுபடியுமா ஆத்தா? இந்தத் தடவ யாரு என்ன சொன்னா? நம்ம துபாய்த் தம்பி டிராக்டர் கேட்டு நச்சரிச்சாரா?"

"அய்யா, யாரும் ஒண்ணும் சொல்லல. எம்மக பிளஸ் டூ போறா."

"மகள இங்கன கொண்டாந்து சேத்துருவோம். நம்ம பரமக்குடியில இல்லாத பள்ளிக்கூடமா?"

பழையவர்களில் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் இருந்தவரிடம், தாம்பாளம் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டது எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஹார்லிக்ஸ் வரப்போகிறது என்று தெரிந்தது. நான் ராணுவக்காரரைப் பார்த்தேன். நேராக, விடாமல், அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் சங்கடத்தோடு எழுந்தார்.

"மேடம், நீங்க காலையில சொன்னது சரிதான். முன்மொழியறது குற்றமில்ல" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா நாங்க இன்னைக்குத்தான் வந்திருக்கோம். வந்த மொத நாளே மேனேஜர் போனா ஊருக்குள்ள என்ன சொல்லுவாங்க? இவனுக வந்த நேரம், அந்தம்மா கெளம்பிருச்சும்பாங்க. நாளைக்கு மழை பேஞ்சு மிளகாய் கறுத்தாலும் எங்களச் சொல்லுவாங்க. அடுத்த கூட்டத்துல வேணா பாப்போம் மேடம்." துபாய்க்காரர், "ஆமா, எங்களுக்கு அந்தப் பேரு வேண்டாம் மேடம்" என்றார்.

அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. பழையவர்களைவிடப் புதியவர்கள்தான் இதற்கு வாயே திறக்கக் கூடாதவர்கள். வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் ஒருவேளை நடந்திருக்கும். வந்த அன்றைக்கே கேட்டதுதான் தப்பு. இந்த ஊர்க்காரியாக இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அடுத்த கூட்டம் வரத்துக் காலத்தின் நடுவில் வரும். அப்போது நானே வாயைத் திறக்க மாட்டேன். மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அவள் ஏற்கெனவே தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளத் தயாராகிவிட்டாள். காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அப்ப அடுத்த விஷயத்துக்குப் போவோமா?" என்றார் தலைவர்.

"நான் முன்மொழியிறேன்" என்று கதவுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். தோளில் பொன்னாடை இன்னும் இருந்தது, அதன் ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

தலைவர் அவள் ஏதோ புரியாமல் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். "எதம்மா முன்மொழியிற? அடுத்த விஷயம் இன்னும் வாசிக்கலையே."

"அக்கா போறத" என்றாள்.

"ஏம்மா, வந்த மொத நாளு. வெவரம் தெரியாம..."

"அவுக போகணும்ங்கறாக அய்யா. போகட்டும்ங்கறேன்" என்றாள். உட்காரவில்லை. "ஒரு ஆளு சொன்னாச் செல்லும்னு சொன்னாக. எம்பேரோடயே எழுதிக்கிறட்டும்."

யாரும் தலையாட்டவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. மறுப்பதற்கும் ஒரு வாய் வேண்டுமே. தலைவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. நான் நிஜமாகவே போகப் போகிறேன் என்று அந்த நிமிஷத்தில்தான் நம்பினார் போல. "உனக்குச் சம்மதந்தானா ஆத்தா?" என்று கேட்டார். சம்மதம் என்று தலையை ஆட்டினேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் ஒரு பக்கம் பாரம் இறங்கியது, இன்னொரு பக்கம், இன்னும் ஒரே ஒரு தடவை யாராவது என் கையைப் பிடித்துப் போகாதே என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. நானும் இந்தப் பக்கத்து ஆள்தானே. தீர்மானத்தை நானே எழுதினேன். அவள் பெயரை எழுதும்போது எழுத்து கோணிவிட்டது.

கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியே போனார்கள். வழக்கமாக வாசலில் நின்று கால் மணி நேரம் பேசுகிறவர்கள் அன்று சீக்கிரம் வண்டியை எடுத்தார்கள். பழையவர்களில் இரண்டு பேர் போகிற போக்கில் அவளைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். கொழுந்தன் பைக்கோடு வந்து நின்றிருந்தான். அவனிடம் யாரோ சொல்லிவிட்டார்கள் என்பது அவன் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. அவள் வாசல்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்லத்தான் போனேன். அவள் மெலிந்த தோளைப் பார்த்ததும் வேறு பேச்சு வந்துவிட்டது. இந்தக் குழுவில் இவளை நிறுத்திவைத்துவிட்டு நான் போகிறேன், இனி இவளுக்கு ஒரு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட ஆள் இருக்காது என்று நினைத்தேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்ன? ராணுவக்காரரே பயந்தாரு. இனிமே இங்கன எது கெட்டாலும் ஒந்தலையிலதான் போடுவாக. இவ வந்த நேரம்பாக. ஒனக்கு எதுக்கு அந்தப் பேரு?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். கொழுந்தனைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கல்யாணமாகி வந்த மாசம் எங்க மாமனாரு தவறிட்டாருக்கா. அதுல இருந்து அந்த வீட்டுல மாடு செத்தாலும் மழை பொய்ச்சாலும் நான் வந்த நேரந்தான். எனக்கு அது இருக்கு. இன்னொருத்தரு புதுசா எதுக்கு வாங்கணும்?"

பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"மகளப் போயிப் பாருங்கக்கா" என்றாள்.